விருந்தும் விலக்கும்

தீமை எப்பொழுதும் தீமையின் உருவத்திலேயே வருமானால், மனிதனுக்கு மார்க்க அறிவு இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. கள்ளுக்கடை வாயிலில் ஆடை நெகிழ விழுந்து கிடப்பவனைக் காணும் குழந்தைக்கு, மது தீயது என்று சொல்லிக் கொடுக்க ஓர் உஸ்தாது வேண்டுவதில்லை. அந்தக் காட்சியே பாடமாகிவிடும். ஆனால் அதே மது, தூய ஆடை உடுத்து, மலர்த்தோட்டத்தின் நடுவே ஓர் அழகிய இல்லம் அமைத்து, குழந்தைகளுக்கு ஊஞ்சலும் முதியவர்களுக்குச் சாய்வு நாற்காலியும் இட்டு, “குடும்பத்தோடு உணவருந்த வாருங்கள்” என்று அழைக்குமானால், அப்பொழுது என்ன செய்வது? ஹலாலும் ஹராமும் தெளிவாக இருக்க, அவற்றிடையே ஐயத்திற்குரியவை பல உள்ளன என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவனும் அறிவான். அந்த இடைவெளியில் நிற்கும் ஒரு கட்டடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரில் என் மகளும் மருமகனும் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் சென்று சில வாரங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில், மனைவியை இழந்து தனியே வாழும் ஆங்கிலேய முதியவர் ஒருவர் இருக்கின்றார். என் பேரன் பிறந்த இரவில், பனி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மகளைத் தம் காரிலேற்றி மருத்துவமனையில் சேர்த்தவர் அவர். நான் வந்திருப்பதை அறிந்து, நகரின் எல்லையில் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டிருக்கும் ஓர் உண்டகத்தில் எங்கள் அனைவருக்கும் விருந்தளிக்க விரும்புவதாகச் சொல்லியனுப்பினார். அந்த உண்டகம் ஒரு ‘பப்’. “மாமா, நீங்கள் சொல்லுங்கள், போகலாமா?” என்று மருமகன் கேட்டார். “வேண்டாம் என்றால் அந்தப் பெரியவர் மனம் நோவாரே, வாப்பா!” என்றாள் மகள். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே.

ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, அதனைச் சரியாக விளங்கிக்கொள்வதன் கிளையாகும் என்பது எங்கள் அரபிப் பாடசாலைகளில் மனனம் செய்யும் விதி. ஆகவே மறுநாள் முற்பகலில், கூட்டம் சேருமுன், மருமகனுடன் அவ்விடத்தைப் பார்த்து வரச் சென்றேன்.

நெடுஞ்சாலை வட்டச் சந்திப்புக்கு அருகில், புதிய குடியிருப்புகளும் பெரிய கடைகளும் எழும்பியிருக்கும் பகுதியில் அது நிற்கின்றது. செங்கல் சுவரும் சரிந்த கூரையுமாய், நூறாண்டுக்கு முந்திய நாட்டுப்புற வீடு போலத் தோன்றும்படி கட்டப்பட்ட புதுக் கட்டடம். முன்னே வண்டிகள் நிறுத்தப் பெருந்திடல். பின்னே மரத்தாலான ஏணியும் சறுக்குமரமும் கொண்ட குழந்தைகள் தோட்டம். உள்ளே பச்சிளங் குழந்தைகளுக்கு உயர்ந்த நாற்காலிகள், சிறுவர்க்குத் தனி உணவுப் பட்டியல், அவர்கள் வரைந்து விளையாட வண்ணப் பென்சில்கள். ஞாயிறன்று வாட்டிய இறைச்சியை விரும்பியவாறு அரிந்து தரும் மேடை. யாரும் கூச்சலிடவில்லை, யாரும் தள்ளாடவில்லை. ஒரு பாட்டி தன் பேத்திக்குப் பட்டாணியை ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு இதமான காட்சியென்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்த இல்லத்தின் நடுவே, பள்ளிவாசலில் மிஹ்ராப் அமைந்திருப்பதைப் போல எல்லாரும் முகம் திருப்பும் இடத்தில், நீண்ட மது மேடை அமைந்திருந்தது. பீர் இறைக்கும் கைப்பிடிகள் வரிசையாக மின்னின. உணவு வேண்டுவோர் தம் மேசையின் எண்ணைக் குறித்துக்கொண்டு அம்மேடைக்கே சென்று சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பட்டியலைப் படித்துப் பார்த்தோம். மீன் வறுவலின் மாவு பீரில் கரைக்கப்பட்டது. இறைச்சிப் பணியாரம் மதுவில் வேகவைக்கப்பட்டது. மீன்தானே என்று எண்ணி உண்பவன், மீனோடு வேறொன்றையும் உண்பான்.

இந்த இல்லம் திடீரென முளைத்ததன்று. இரண்டு நூற்றாண்டு வரலாற்றின் கனி. பப்ளிக் ஹவுஸ், அதாவது பொது இல்லம் என்பதன் சுருக்கமே பப். 1830ஆம் ஆண்டின் சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணத்தில் பீர் விற்க உரிமம் பெறலாம் என்று வாயில்களைத் திறந்துவிட்டது. சில மாதங்களிலேயே தெருத்தோறும் பீர்க்கடைகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. உழைப்பாளியின் கூலி வீட்டுக்கு வருமுன் அங்கே கரைந்தது. இதனைக் கண்டு மனம் வெதும்பியவர்கள் அந்நாட்டிலேயே எழுந்தனர். 1832இல் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சேயும் அவருடன் சிலரும் மதுவை முற்றிலும் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். அந்த இயக்கம் நாடெங்கும் பரவியது. 1887இல் இஸ்லாத்தைத் தழுவி, லிவர்பூலில் முஸ்லிம் நிறுவனத்தை நிறுவிய அப்துல்லாஹ் குவில்லியம் அவர்களும் மதுவிலக்கு இயக்கத்தில் ஊறியவரே. மதுவை வெறுத்த நெஞ்சம் மதுவை விலக்கிய மார்க்கத்தை நோக்கி வந்தது வியப்பன்று.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை மதுக்கூடத்திலிருந்து விலக்கியது. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிலாளர்களின் குடியைக் கட்டுப்படுத்த 1916இல் கார்லைல் வட்டாரத்தின் மதுச்சாலைகளை அரசே எடுத்துக்கொண்டது. அங்கே மேலாளருக்கு மது விற்றதற்குத் தரகு கிடையாது. உணவு விற்றதற்கே உண்டு. உணவைப் பெருக்கினால் குடி குறையும் என்பது அவர்களின் கணக்கு. இரு போர்களுக்கும் இடையே புறநகர்களில் உணவறையும் தோட்டமும் கொண்ட பெரிய, ‘சீர்திருத்திய’ மதுச்சாலைகள் எழுந்தன. 1967இல் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்போர் வண்டி ஓட்டுவது குற்றமாக்கப்பட்டது. 2007 ஜூலை முதல் நாள் தொட்டு இங்கிலாந்தில் பொது இடங்களின் உள்ளே புகைபிடித்தல் தடுக்கப்பட்டது. குடிப்பதற்கென்றே வருவோர் குறைந்தனர். வணிகர்கள் கணக்குப் பார்த்தார்கள். தனியே வரும் ஆண்மகனைவிட, மனைவி மக்களோடு வண்டியில் வரும் குடும்பத் தலைவனே நிலையான வாடிக்கையாளன் என்று கண்டார்கள். அந்தக் கணக்கின் செங்கல் வடிவமே நான் கண்ட இல்லம்.

அவர்களைப் பொறுத்தவரை இது முன்னேற்றமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூலி முழுவதையும் குடித்துவிட்டு நள்ளிரவில் வந்து மனைவியை அடிப்பவனைவிட, மனைவியின் எதிரில் அமர்ந்து ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்பவன் எத்துணையோ மேலானவன். இரு தீங்குகளில் இலேசானதைத் தேர்ந்துகொள்ளுதல் என்ற விதி நம் பிக்ஹு நூல்களிலும் உண்டு. ஆனால் ஒரே படிக்கட்டில் ஒருவர் ஏறலாம், மற்றொருவர் இறங்கலாம். நடுப்படியில் இருவரும் சந்திக்கும்போது நிற்குமிடம் ஒன்றாகத் தோன்றும். செல்லும் திசையோ வேறு. மதுவெறியிலிருந்து மேலேறி வரும் சமுதாயத்துக்குக் குடும்ப மதுச்சாலை ஏறும் படி. மதுவே இல்லாத இல்லத்திலிருந்து குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துவருபவனுக்கு அதுவே இறங்கும் படி.

இங்கு நம் இளைஞர்கள் எடுத்துவைக்கும் வாதங்களைக் கேட்போம். “நம் மேசையில் மது இல்லை, நாம் உண்பது காய்கறி, அடுத்த மேசைக்காரன் குடித்தால் நமக்கென்ன?” என்பது முதல் வாதம். “அன்போடு அழைப்பவரை மறுப்பது நாகரிகமா?” என்பது இரண்டாவது. “அந்நாட்டில் வாழ்பவன் அலுவலக நண்பர்களோடு அங்கு செல்லாமல் இருக்க முடியுமா?” என்பது மூன்றாவது.

மது பரிமாறப்படும் உணவு விரிப்பில் இறைநம்பிக்கையுடையோர் அமரலாகாது என்ற கருத்தமைந்த நபிமொழியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் திர்மிதீ பதிவு செய்துள்ளார்கள். உமையாக்களின் நேர்மை மிக்க கலீபாவான உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் முன்னே, மதுவருந்திய ஒரு கூட்டம் பிடித்து நிறுத்தப்பட்டது. அவர்களில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. கலீபா அவரையும் விடவில்லை. மார்க்கம் இழிவுபடுத்தப்படும் அவையில் அமர்ந்திருப்போரும் அவர்களைப் போன்றவரே என்னும் ஸூரத்துன் னிஸாவின் 140ஆம் வசனத்தை ஓதிக் காட்டினார்கள் என்று தப்ஸீர் நூல்கள் தெரிவிக்கின்றன. குடிக்காமலிருப்பது ஒரு கடமை. குடிக்கும் அவைக்குத் தன் இருப்பால் மதிப்புச் சேர்க்காமலிருப்பது வேறொரு கடமை என்பதே அதன் கருத்து.

எனினும் ‘விரிப்பு’ என்பது எது? நாம் அமரும் மேசை மட்டுமா, முழு மண்டபமுமா? இங்கேதான் நம் இமாம்களின் நுண்ணறிவு துணைக்கு வருகின்றது. ஹனபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இதனை மூன்றாகப் பிரித்து ஆராய்கின்றார்கள். விருந்துக்குச் சென்ற பின்னரே அங்கு தகாதது நிகழக் கண்டவன் வேறு. போகுமுன்னரே அறிந்தவன் வேறு. முன்னரே அறிந்தவன் செல்லலாகாது. சென்ற பின் அறிந்தானெனில், தீமை அவ்வீட்டின் ஒரு பக்கத்தில் நிகழ்வது வேறு. அவன் அமரும் விரிப்பிலேயே நிகழ்வது வேறு. விரிப்பிலேயே என்றால் எவரும் அமரலாகாது. வீட்டின் ஒரு பக்கத்தில் என்றால், சாதாரண மனிதன் பொறுத்துக்கொண்டு உண்டு வரலாம். ஆனால் பிறர் பின்பற்றத்தக்க நிலையிலுள்ளவன், அதைத் தடுக்க இயலாவிடில், வெளியேற வேண்டும்.

நம் வினாவுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். அவ்விடம் எத்தகையது என்பதை நாம் போகுமுன்னரே அறிவோம், வாயிற்பலகையே அறிவிக்கின்றது. மது மேடைக்குச் சென்றே உணவைக் கேட்டுப் பெறுகின்றோம். ஆகவே மண்டபம் வேறு, மேசை வேறு என்று பிரிப்பதும் எளிதன்று. எல்லாவற்றினும் மேலாக, ‘பின்பற்றப்படுபவர்’ என்ற சொல்லைச் சிந்தியுங்கள். அது ஆலிம்களுக்கு மட்டும் உரிய பட்டமா? ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தந்தையைவிடப் பெரிய இமாம் யார்? தாயைவிடப் பெரிய உஸ்தாது யார்? அவர்கள் எங்கு அமர்ந்து சிரித்து மகிழ்ந்தார்களோ, அவ்விடம் நல்ல இடம் என்பதே அப்பிள்ளையின் முதல் பத்வா. ஊஞ்சலும் இனிப்பும் பிறந்தநாள் மகிழ்ச்சியும் பீர்க் கைப்பிடிகளோடு சேர்ந்து அதன் நினைவில் பதியும். அந்நாட்டுச் சட்டப்படி, 16 வயதாகும்போது அதே மேசையில், பெரியவர் ஒருவர் உடனிருந்து வாங்கித் தர, உணவோடு பீரோ ஒயினோ அருந்தவும் தடையில்லை. தோட்டத்து ஊஞ்சலுக்கும் அந்தக் குவளைக்கும் இடையே உள்ளது பதினோராண்டுத் தொலைவே.

அப்படியாயின் அவ்விடத்தில் நன்மையே இல்லையா? உண்டு. இதில்தான் திருமறையின் நீதியைக் கண்டு நான் எப்பொழுதும் வியக்கின்றேன். மதுவைப் பற்றி மக்கள் வினவியபோது, அதில் பெருங்கேடும் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் கேடே பெரிது என்ற கருத்தில் ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் இறங்கிற்று. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்றும், இறுதியாக ஸூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில் முற்றிலும் விலகிவிடுமாறும் கட்டளை வந்தது. பயன் இல்லை என்று அல்லாஹ் கூறவில்லை. பயன் உண்டு என்று கூறிய பிறகே விலக்கினான். குடும்ப மதுச்சாலை என்பது, அந்தச் ‘சில பயன்களை’த் தேடிப் பொறுக்கி, ஒன்றாய் அடுக்கி, அழகுறக் காட்டும் கண்காட்சியே ஆகும். நட்பு உண்டு, உணவு உண்டு, ஓய்வு உண்டு, தனியே வாழும் முதியவருக்குப் பேச்சுத்துணை உண்டு. இவற்றைக் கண்டு “இதில் என்ன தீமை?” என்று கேட்பவன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்தப் பயன்களைக் கணக்கில் எடுத்த பின்னரே நமக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கின்றது.

மூன்றாவது வாதத்தில் உண்மையுண்டு. பிழைப்புக்காகவும், பயணத்திலும், தவிர்க்கவியலாத அலுவல் கூட்டங்களுக்காகவும் அங்கு செல்ல நேர்பவர்கள் உள்ளனர். தேவை அதன் அளவு கொண்டே அளக்கப்படும் என்பது விதி. தண்ணீரோ தேநீரோ அருந்தி, வேலை முடிந்ததும் எழுந்து வருபவரை, சென்னையிலோ கீழக்கரையிலோ சாய்ந்திருந்துகொண்டு நாம் பழிப்பது முறையன்று. அவர் இதயத்தின் அளவுகோலை அல்லாஹ் அறிவான். நான் விலக்கச் சொல்வது, தேவை ஏதுமின்றி, இன்பத்திற்காக, மனைவி மக்களை அழைத்துக்கொண்டு செல்வதையே.

அழைப்பை மறுப்பது நாகரிகமா என்ற வாதத்திற்கு வருவோம். யூதர் ஒருவர் வாற்கோதுமை ரொட்டியும் நாட்பட்ட கொழுப்பும் வைத்து அழைத்தபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் அவ்வழைப்பை ஏற்றார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மார்க்கம் விலக்கியது மதுவின் அவையை, மனிதரின் அன்பையன்று. எனவே மருமகனிடம், “காரணத்தை மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள், சாக்குப்போக்குச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு நம் வீட்டுக்கு அழையுங்கள்” என்றேன். அவ்வாறே செய்தார். முதியவர் முகம் சுளிக்கவில்லை. “நான் அதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். என் தாயார் மெதடிஸ்டுத் திருச்சபையினர். மதுவைத் தொடுவதில்லை என்று சிறுவயதில் எழுதிக் கொடுத்தவர். அவர் இருந்திருந்தால் அவரும் வந்திருக்கமாட்டார்” என்றாராம். வெள்ளியன்று வந்தார். நெய்ச்சோறும் கறியாணமும் உண்டார். பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். மெய்யைச் சொல்லி மறுப்பது நட்பை முறிக்கும் என்று நாம் அஞ்சுகின்றோம். பெரும்பாலும் நட்பை முறிப்பது பொய்ச் சாக்குகளே.

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால், நம்மில் பலர் நிம்மதியாக மூச்சுவிடக்கூடும். எங்கோ இங்கிலாந்தில் நிற்கும் மதுச்சாலை நம் ஊரில் இல்லை. நம் நாட்டில் மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கின்றது. 1983இல் தோன்றிய அந்நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. அக்கடைக்கு எவனும் குழந்தையைக் கூட்டிச் செல்வதில்லை. சென்றவனும் முகம் மறைத்துத் திரும்புகின்றான். அந்த வெட்கம் இருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் நான் எடுத்துக்காட்டிய விதி மதுவுக்கு மட்டும் உரியதன்று. தீமைக்குக் கண்ணியம் சேர்க்கும் விரிப்பு எதுவாயினும் அங்கு அமராதே என்பதே அது. அந்த விளக்கை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

நம் திருமண மண்டபங்களுக்கு வாருங்கள். அங்கே ஒரு சொட்டு மதுவும் இல்லை. பன்னீர் தெளிக்கின்றார்கள், பைத்து ஓதுகின்றார்கள், ஹழ்ரத் குத்பா ஓதி துஆச் செய்கின்றார். குழந்தைகள் பட்டாடை உடுத்தி ஓடியாடுகின்றனர். ஒரு சஹனைச் சூழ நால்வர் அமர்ந்து பிரியாணி உண்கின்றோம். கண்ணுக்கு இதமான காட்சிதான். ஆனால் அந்தச் சோற்றின் பின்னணி என்ன? பெண்ணின் தந்தை வீட்டை அடகு வைத்துக் கொடுத்த கைக்கூலி அல்லவா அங்கே அரிசியும் இறைச்சியுமாய் வெந்திருக்கின்றது? பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு ஸூரத்துன் னிஸாவின் 4ஆம் வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகின்றது. அதனைத் தலைகீழாக்கி, பெண் வீட்டாரிடமே பேரம் பேசி வாங்கி, மஹர் என்று பெயருக்கு ஒரு தொகையைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பணத்தில் விருந்து வைத்து, ஊரையும் ஜமாஅத்தையும் அழைத்து அமர்த்துகின்றோம். மதுச்சாலைக்காரன் குடும்பங்களை அழைத்துத் தன் வணிகத்திற்குக் கண்ணியம் தேடுகின்றான். கைக்கூலி வாங்கியவனோ பெரியவர்களை அழைத்துத் தன் கொள்ளைக்குக் கண்ணியம் தேடுகின்றான். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எனக்கு யாரேனும் விளக்குவார்களா?

ஷாபிஈ மத்ஹபின் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், வலீமா அழைப்பை ஏற்பது கடமையாவதற்குரிய நிபந்தனைகளில் ஒன்றாக, அங்கு வெறுக்கத்தக்க தீமை இல்லாதிருப்பதைக் குறிப்பிடுகின்றார்கள். ஒருவர் வருவதால் அத்தீமை நீங்குமென்றால் அவர் செல்லட்டும் என்றும் கூறுகின்றார்கள். இந்த இரண்டாவது கூற்றில் நம் பெரியவர்களுக்கு ஒரு வழி இருக்கின்றது. “பெண் வீட்டாரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் வருகின்றேன், கொடுத்த பின் முதல் ஆளாக வந்து அமர்கின்றேன்” என்று ஒரு ஜமாஅத் தலைவர் சொல்லட்டும், ஒரு மாமனார் சொல்லட்டும், மணமகனின் பாட்டனார் சொல்லட்டும். ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்யாததை அந்த ஒரு காலி நாற்காலி செய்துவிடும்.

நம் பிள்ளைகள் கடல் கடந்து சென்று வாழ்கின்றனர். அங்கே மதுக்குவளை மின்னும் மண்டபத்தின் வாயிலில் நின்று, போகலாமா வேண்டாமா என்று மனம் குழம்பிக் கடிதமெழுதிக் கேட்கின்றனர், தொலைபேசியில் கேட்கின்றனர். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்தச் சொல் அவர்கள் நெஞ்சில் தைக்க வேண்டுமானால், நாமும் எங்கேனும் ஒரு விருந்தின் வாயிலில் நின்று திரும்பி வந்தவர்களாக இருக்க வேண்டும். விலக்கப்பட்டதை அதன் அழகிய ஆடையிலும் அடையாளம் காணும் கண்ணையும், கண்ட பின் எழுந்து நிற்கும் துணிவையும், எழுந்த பின்னும் மனிதரிடம் அன்பு குறையாத இதயத்தையும் அல்லாஹ் நம் எல்லாருக்கும் அருள்வானாக! ஆமீன்.